ஒரு இருக்கைக்கு ஒரு ஜாடி பட்டன்

டிப்போவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது அடையாள அட்டையோடு சரி. ஹாரன் அடிக்கவே மாட்டார் என்பதால் ஹாரன். எதிரே ஆள் குறுக்கே பாய்ந்தாலும் பிரேக்கை மிதிப்பாரே தவிர, கை அந்தப் பக்கம் போகாது. "இவர் பஸ்ல இருக்கற ஹாரனைக் கழட்டி வேற பஸ்ஸுக்கு மாட்டிடலாம், புத்தம் புதுசா இருக்கு" என்பார் மெக்கானிக். ஹாரனும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சத்தம் போடுவது என்பது அந்த மனுஷரின் சுபாவத்திலேயே கிடையாது.

ரயில் நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே ஓடுகிற பஸ் அவருடையது. போகும்போது ஏறுகிறவர்கள் எல்லாம் பதற்றக்காரர்கள். கைக்கடிகாரத்தையும் அவர் பிடரியையும் மாறி மாறிப் பார்ப்பார்கள், பிடரியை முறைத்தால் பஸ் பறந்துவிடும் என்று நினைப்பு. அவர்களைப் பற்றி ஹாரனுக்கு ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது ஏறுகிறவர்கள்தான் அவரை ஒருவழி பண்ணிவிடுவார்கள். விமானத்திலிருந்து இறங்கி, பெட்டியை அடுக்கிவிட்டு உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் போனை எடுப்பார்கள். "அம்மா, இறங்கிட்டேன்." "அப்பா, இறங்கிட்டேன், பஸ் ஏறிட்டேன், வந்துட்டே இருக்கேன்." நாள் பூராவும் இதே பாட்டு. அதிலும் டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற ஒற்றை இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்து 'அப்பா' என்று ஆரம்பித்துவிட்டால், அவர் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டார். யார் யார் வீட்டுப் பிள்ளைகளையோ வீடு கொண்டுபோய்ச் சேர்க்கிறவருக்கு, தன் வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்க வழியில்லை.

ஒரே பெண். வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள். தலையில் ஒன்றிரண்டு நரைகூட விழுந்தாயிற்று, இன்னும் பாப்பாதான். கடல் தாண்டி இன்னொரு நாட்டில், கரையோரமாக ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. கடல் மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கிற வேலை. ஆரம்பத்தில் வருஷம் தவறாமல் விமானத்தில் வந்துகொண்டுதான் இருந்தாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், இனிமேல் விமானத்தில் ஏறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னாள். வானத்தில் விமானம் கக்குகிற புகைதான் கடைசியில் கடலாக ஏறுகிறது என்றாள்.

"ஏன்டி, நீ ஒருத்தி ஏறலேன்னா விமானம் எல்லாம் நின்னுடுமா?" என்று கேட்டாள் அவள் அம்மா.

"நிக்காதும்மா. ஆனா நான் தினமும் அளக்கறேன். அளந்துட்டு, சாயங்காலம் போய் டிக்கெட் வாங்க மனசு வரலை."

"அப்போ எங்களைப் பாக்கவே மாட்டியா?"

"ரயில், கப்பல்னு மாறி மாறி வரலாம்மா. வாரக்கணக்கா ஆகும். அவ்வளவு லீவு யார் தருவா?" பிறகு குரல் இறங்கிவிட்டது. "அப்பா, நீங்க ஒரு வார்த்தை வான்னு சொல்லுங்க. எல்லாத்தையும் விட்டுட்டு விமானம் ஏறி வந்துடறேன். ஆனா நீங்கதான் சொல்லணும்."

அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. சின்ன வயசில், பிறருக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்ட பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாளே, அப்போதைய குரல். அதைக் கேட்டபின் எந்த அப்பனுக்கு வாய் வரும்? "உன் இஷ்டம் பாப்பா" என்று போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். அன்றிலிருந்து அந்த 'வா' அவர் நெஞ்சிலேயே மாட்டிக்கொண்டு கிடந்தது. இவர்கள் போய்ப் பார்க்கலாம் என்றால், அந்த நாட்டுக்காரர்கள் விசாவுக்குக் கையை விரித்துவிட்டார்கள்.

ஆனால் பாப்பா ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாள். கூப்பிட்டால் பேச்சு எதில் ஆரம்பித்தாலும் இதில்தான் வந்து நிற்கும். துணியைச் சுடுதண்ணியில் போடாதீங்க, பச்சைத்தண்ணியே போதும். ஆள் இல்லாத அறையில் விளக்கு எதுக்கு? காய்கறித் தோலைக் குப்பையில் கொட்டாதீங்க, ஒரு வாளியில் மூடி வைங்க, மண்ணாகும். கடைக்குப் பையோடு போங்க. கெட்டிலைத் தூக்கிப் போடாதீங்க, ரிப்பேர் பண்ணுங்க. ஒரு சட்டை ரொம்ப மலிவா கிடைச்சா, தைச்சவங்களுக்கு யாரோ வயித்துல அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

கடைசியில் சொன்னதற்கு மட்டும் அம்மாக்காரி தலையை ஆட்டுவாள். அவள் துணி திருத்துகிற கடையில் வேலை செய்கிறவள். பேன்ட்டைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது. "அந்த ஒண்ணுல உங்க பொண்ணு சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்பாள். பிடித்தால் 'என் பொண்ணு', பிடிக்காவிட்டால் 'உங்க பொண்ணு'. எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ஹாரன் சொன்னதை எல்லாம் செய்தார். செய்தார் என்றால் சாதாரணமாக இல்லை, சாமி வந்த மாதிரி செய்தார். டிப்போவுக்குக் கால்நடையாகவே போனார். கெட்டிலைப் பிரித்து மேஜை முழுக்கப் பரப்பி, ஒருவழியாகச் சேர்த்தார். ஒரு திருகாணி மிச்சம் வந்தும் அது வேலை செய்தது. தோல் வாளியில் முதல் தடவை புழு வந்து, கீழ்வீட்டு அம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவந்து ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போனாள். அதுவும் பிறகு சரியாகி, கறுத்த மண்ணாகிப் பால்கனித் தொட்டிக்குப் போயிற்று. இதில் எல்லாம் அவருக்குக் கடல் மீது அக்கறையா என்று கேட்டால், உள்ளதைச் சொல்லவேண்டும், ஆரம்பத்தில் அவ்வளவாக இல்லை. விளக்கை அணைக்கும்போது பாப்பா சொன்னதைக் கேட்கிற மாதிரி இருந்தது. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அதற்காகத்தான் செய்தார்.

அப்புறம் பஸ். விமான நிலைய வாசலில் ஆள் ஏறும்வரைக்கும் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பதுதான் வழக்கம், எல்லா டிரைவரும் செய்வது. ஒருநாள் சாவியைத் திருகி அணைத்துவிட்டார். ஏசி நின்றது. "என்னய்யா, பஸ் செத்துப்போச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "கிளம்பும்போது உசுரு வந்துடும் சார்" என்றார் ஹாரன். சூப்பர்வைசர் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தார். இவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மறுநாளும் அணைத்தார். சத்தமே போடாத ஆளை எத்தனை நாள்தான் திட்டுவது? அவரும் விட்டுவிட்டார்.

அப்படி அணைத்துவிட்டு, அந்த அமைதியில் ஸ்டீயரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. நான் இப்போது எரிக்காமல் விட்டது மிச்சம்தானே? மிச்சம் எங்கே போகும்? காற்றோடு போய் யாருக்கோ சேருவதற்கு, என் பிள்ளைக்கே சேரட்டுமே! ஒரு விமானத்தில் ஒரு இருக்கைக்கு ஆகிற புகையை, இங்கே துளித்துளியாக மிச்சம் பிடித்துவிட்டால்? அப்போது அவள் வந்தால் அது தப்பே ஆகாதே! அப்போது கூச்சமில்லாமல் 'வா' என்று சொல்லலாமே!

இதைப் படித்தவர் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாப்பாவிடமே கேட்டிருக்கலாம். அவளிடம் கேட்கிற தைரியம் இருந்தால் 'வா' என்றே சொல்லியிருப்பாரே.

வீட்டில் சும்மா கிடந்த ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்தார். கிழிந்த துணியைக் கந்தலாக்குமுன் மனைவி வெட்டி எடுத்துவைக்கிற பழைய பட்டன்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. ஒரு மிச்சத்துக்கு ஒரு பட்டன். எஞ்சினை அணைத்தால் ஒன்று. டிப்போவுக்கு நடந்தால் ஒன்று. கறி சாப்பிடாத நாளுக்கு ஒன்று. அதிலும் நேர்மை பார்ப்பார். மழை இல்லாத நாளில் மெஷினில் உலர்த்தாமல் துணி கொடியில் காய்ந்தால் அதற்குப் பட்டன் கிடையாது, எப்படியும் காயப்போடுவதுதானே என்பார். ஜாடி கழுத்துவரை நிறைகிற ஞாயிற்றுக்கிழமை பாப்பாவிடம் சொல்லிவிடுவது என்று ஏற்பாடு.

"இருட்டுல உட்கார்ந்தா ஒரு பட்டனா?" என்றாள் மனைவி. "நான் அப்படியே ரெண்டு நாள் தூங்கிடறேன், ஜாடியே நிறைஞ்சுடும். உங்களுக்கு முத்திப்போச்சு."

"முத்தட்டும்."

"ஊர்ல சொன்னா சிரிப்பாங்க."

"ஊர்ல யார் சொல்லப்போறா? நீதான் சொல்லுவே."

கேலி பண்ணினாளே தவிர, அலமாரியைத் துடைக்கும்போது அந்த ஜாடியை மட்டும் இரண்டு கையாலும் தூக்கி வைப்பாள். அப்புறம் இன்னொன்று. பொழுது சாய்ந்ததும் பாப்பாவின் அறைக்குப் போய் விளக்கைப் போடுவாள். சும்மா ஒரு நிமிஷம் நின்று பார்ப்பாள். காலியான கட்டில், மடித்த போர்வை, ஜன்னல். பிறகு அணைத்துவிட்டு வருவாள். ஆளில்லாத அறையில் விளக்கு எதற்கு என்று ஹாரன் ஒருநாளும் கேட்டதில்லை.

ஜாடி ஏறிக்கொண்டே வந்தது. அவருக்கு உள்ளுக்குள் ஒரு பரபரப்பு. வேலைக்கு நடந்துபோகும்போதே மனசில் ஒத்திகை. விமானத்திலிருந்து இறங்கி, கதவு திறந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு பாப்பா வெளியே வருகிறாள். நேரே நம் பஸ். ஒற்றை இருக்கை. இவர் திரும்பிப் பார்க்காமல் "டிக்கெட்?" என்று விளையாட்டாகக் கேட்பார். இந்த இடம் வந்ததும் நடுத்தெருவில் தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். சில நாள் அந்த இருக்கையில் வேறு யாராவது ஏறி உட்கார்ந்தால், பாவம் அவர்கள் என்ன செய்தார்கள், இவருக்கு அன்று முழுக்க மனசு சரியிருக்காது. எப்போதடா இந்த ஜாடி நிறையும் என்று இருக்கும். ஒரு கண்ணாடி ஜாடியைப் பார்த்து ஏங்குகிற நிலைமைக்கு மனுஷர் வந்துவிட்டார், என்ன செய்ய!

கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து பட்டனைப் போட்டால், அது உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. நிறைந்துவிட்டது. அவர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம். ரொம்பவே சீக்கிரம்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தார். பாப்பா போனில் முகம் பார்ப்பாளே, நல்ல சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று நீலச் சட்டையை எடுத்தார். பாப்பா வரும்போது போடுவதற்கென்று மடித்து வைத்திருந்தது. போட்டுக்கொண்டு கை வைத்தால், நடுவில் பட்டனே இல்லை. மணிக்கட்டில் பார்த்தார், அங்கேயும் இல்லை. நூல் மட்டும் அழகாக, கத்தரியால் வெட்டிய மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு என்னமோ பொறி தட்டியது. ஜாடியை எடுத்துப் போய்க் கட்டிலில் கவிழ்த்தார்.

நீலச் சட்டைப் பட்டன்கள் இருந்தன. மனைவி குளிர்காலத்துக்குப் போடுகிற பழுப்புக் கோட்டின் பெரிய பட்டன்கள் இருந்தன. அதோடு நிற்கவில்லை. குவியலைக் கையால் பரத்தியபோது, நடுவே மஞ்சளாக ஒரு வாத்து தெரிந்தது. விரல் நகம் அளவு வாத்து. அப்புறம் இன்னொரு வாத்து. இன்னொன்று. பாப்பா நடக்கப் பழகிய நாளில் போட்ட மஞ்சள் கவுன். அவளுடைய சின்ன வயசுத் துணிகளை எல்லாம் யார் யாருக்கோ கொடுத்தாயிற்று, அந்தக் கவுனை மட்டும் அம்மாக்காரி யார் கண்ணிலும் காட்டாமல் அலமாரி அடியில் வைத்திருந்தாள்.

அவர் கூப்பிடவில்லை. பட்டன் கொட்டின சத்தத்துக்கே அவள் வந்து வாசலில் நின்றாள்.

"இது என்ன?" என்றார்.

"பட்டன்."

"பட்டன்னு தெரியுது. இதை யார் போட்டது?"

"நான்தான் போட்டேன். இப்போ என்ன?" அவளுக்குக் குரல் ஏறிவிட்டது. "நீங்க பாட்டுக்கு விளக்கை அணைச்சு, நடந்து, பட்டினி கிடந்து, ஒவ்வொண்ணா போடுவீங்க. அது நிறையறதுக்குள்ளே நான் இருப்பேனா, யார் கண்டா? எனக்கு என் பொண்ணைப் பாக்கணும்."

"அதுக்காகப் பொய்யா போடறதா?"

"பொய்யா? டப்பா நிறைய பட்டன் இருக்கே, அதுல ஒரு கை அள்ளிப் போட்டிருந்தா அது பொய். நான் அப்படியா செஞ்சேன்? நீங்க ஒண்ணை விட்டுக்கொடுத்துத்தானே ஒண்ணு போடறீங்க? நானும் விட்டுக்கொடுத்துத்தான் போட்டேன். எனக்கு எது ஆசையோ அதை வெட்டிப் போட்டேன். கோட்டுப் பட்டன் பத்தலை. அதான் கவுன்." அதற்குமேல் அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பட்டன்கள் அவள் பக்கமாகச் சரிந்தன.

ஹாரன் ஒரு வாத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். எத்தனை வருஷமாகக் கூட இருக்கிறவள்! இவ்வளவு ஏக்கத்தை வைத்துக்கொண்டுதானா என்னைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தாள் என்று நினைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"நிறைஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்க கையைப் பிடிச்சுக் கேக்கறேன். நிறைஞ்சிடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

பாப்பாவின் முகம் திரையில் வந்தது. பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் அவளுடைய கடல். "என்னப்பா, சட்டையெல்லாம் பலமா இருக்கு? பட்டனைக் காணோம்?" என்று சிரித்தாள்.

ஹாரன் சொன்னார். ஜாடி எதற்கு, எப்படி, எஞ்சினை அணைத்தது, ஒரு இருக்கைக்குச் சமமாக மிச்சம் பிடிக்கிற யோசனை, எல்லாவற்றையும் திக்கித்திக்கிச் சொன்னார். "நேத்து நிறைஞ்சிடுச்சு பாப்பா" என்று முடித்தார்.

பாப்பா அசையாமல் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. திரை உறைந்துவிட்டதோ என்று பார்த்தால், அவள் பின்னால் ஒரு பறவை கடந்து போயிற்று.

"நிறைஞ்சிடுச்சா?" என்றாள். "கழுத்துவரைக்குமா?"

"ஆமா."

"அப்போ வரேன்பா. டிக்கெட் பாக்கறேன்."

மனைவி அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் இனி ஒன்றுமே செய்யவேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அந்த வாரமே பாப்பா விமான நிலையக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுவாள். ஆனால் அவர் காதில் விழுந்தது அந்த நடுக்கம். அன்றைக்கு இருந்த அதே நடுக்கம், அதே பொம்மை.

"இல்லை பாப்பா" என்றார். தோளில் மனைவியின் நகம் பதிந்தது. "நிறையலை. கடைசி ஒரு பிடி உங்கம்மா போட்டது. அவ கோட்டுப் பட்டன், என் சட்டைப் பட்டன். அப்புறம் உன் மஞ்சள் கவுன் பட்டன்."

"எந்தக் கவுன்?"

"வாத்துப் பட்டன் வெச்சது."

"அது இன்னும் இருக்கா?"

"கவுன் இருக்கு. வாத்தெல்லாம் ஜாடிக்குப் போயிடுச்சு." அவர் வாத்தைத் திரைக்கு நேரே பிடித்துக் காட்டினார். திரையில் தெரிந்த கடலுக்கு முன்னால் அது நீந்துகிற மாதிரி இருந்தது. "நிறைஞ்சிருந்தாலும் பத்தியிருக்காது, இல்ல?"

பாப்பா மெதுவாகத் தலையை ஆட்டினாள். "பத்தாதுப்பா. கிட்டகூட வராது."

"தெரிஞ்சேதான் வரேன்னு சொன்னியா?"

"தெரிஞ்சேதான்."

அதற்குப்பின் அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள். அம்மாக்காரி போனைப் பிடுங்கி, "அழாதேடி, நீ வரவே வேணாம், அங்கேயே நல்லா இரு, எங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்று அவளும் அழுதுகொண்டே சமாதானம் சொன்னாள். கொஞ்ச நேரம் வீடே ரணகளமாக இருந்தது.

"அப்பாகிட்ட குடும்மா" என்றாள் பாப்பா கடைசியில். மூக்கை உறிஞ்சினாள். "அப்பா, ஒரு நிஜம் சொல்றேன். விமானம் ஏற மாட்டேன்னது சத்தியம். ஆனா கப்பல் எப்பவும் இருந்துச்சுப்பா. ரயிலும் இருந்துச்சு. அவ்வளவு லீவு தர மாட்டாங்கன்னு சொன்னேனே, நான் கேட்டதே இல்லை. கேட்டா என் இடத்துல வேற ஆளைப் போட்டுடுவாங்களோன்னு பயம். வேலையை விட்டுக்கொடுக்க மனசில்லாம, கடல் மேல பழியைப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வாத்தையே வெட்டிப் போட்டுட்டாங்க. நான் லீவுகூடக் கேக்கலை."

"வேலை போயிடப்போகுது பாப்பா, ஜாக்கிரதை" என்றார் ஹாரன்.

"போனா போகட்டும். நீங்க இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லலையேப்பா."

மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை காலம் நெஞ்சில் மாட்டிக்கொண்டு கிடந்தது, வரும்போது ரொம்பச் சின்னதாகத்தான் வந்தது.

"வா" என்றார். "மெதுவா வா."

சம்பளமில்லாத நீண்ட லீவு கிடைத்தது, திரும்பிப் போனால் அந்த இடம் இருக்குமா என்பதற்கு மட்டும் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. பாப்பா கிளம்பினாள். அதன்பின் ஞாயிறு வரைக்கும் காத்திருக்கவேண்டியதில்லை, கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் கூப்பிட்டாள். ஒருநாள் ரயில் ஜன்னல். ஒருநாள் ஏதோ ஊரின் பஸ் நிலைய பெஞ்சு. அப்புறம் கப்பலில் ஏறியபின் நாள் கணக்கில் ஒன்றுமே இல்லை. அந்த நாள்களில் ஹாரனும் மனைவியும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவே பயந்தார்கள். பாதி தூரம் தாண்டிவிட்டவளை நினைத்துக்கொண்டு காத்திருப்பது இருக்கிறதே, அவள் வரவே மாட்டாள் என்று கிடந்ததைவிட அது கஷ்டம். சோறு இறங்கவில்லை. மனைவி கவுனை மடியில் வைத்துக்கொண்டு வாத்துகளை ஒவ்வொன்றாகத் தைத்தாள். தைக்கும்போது பாப்பாவின் அறையிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு வாத்தை மட்டும் ஹாரன் தரவில்லை, சீருடைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜாடி காலியானபின்னும் அவர் எஞ்சினை அணைப்பதை விடவில்லை. இனி எதற்கு என்று மெக்கானிக் கேட்டார். "அவ பத்தாதுன்னு சொல்லிட்டாளே. பத்தாததுல கொஞ்சம்" என்றார் ஹாரன். அப்போது அவருக்குக் கடலைப் பற்றியும் உண்மையிலேயே கொஞ்சம் கவலை வந்திருந்தது.

பயணத்தின் கடைசி ரயில் புதன்கிழமை வந்து சேருகிறது என்று பாப்பா சொல்லியிருந்தாள். ஹாரன் புதன்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்து, நீலச் சட்டைக்குப் பட்டன் தைத்து வாங்கிவைத்திருந்தார். அதனால் செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் சீருடையில், ரயில் நிலைய வாசலில், எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். விமானத்துக்குப் போகிற பதற்றக்காரர்கள் ஏறினார்கள். ஒருவர் கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் பெட்டிகளைக் கொண்டு வழியையே அடைத்துவிட்டார். "பெட்டியெல்லாம் மேல வைங்க" என்று கண்ணாடியைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, நேரமாயிற்று, சாவியைத் திருகிக் கதவை மூடப்போனார். கடைசியாக யாரோ ஓடிவந்து ஏறினார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு நேர் பின்னால் இருக்கிற ஒற்றை இருக்கையில் உட்காருகிற சத்தம் கேட்டது. பஸ் நகர்ந்தது.

"அப்பா, இறங்கிட்டேன்."

ஒரு நாளில் எத்தனையோ தடவை கேட்கிற வார்த்தை. வழக்கம்போல் அவர் சாலையையே பார்த்தார். யாரோ போனில் பேசுகிறார்கள். அப்புறம்தான் உறைத்தது. இது போகிற பஸ். போகிற பஸ்ஸில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அவர் கண்ணாடியை நிமிர்த்தினார். வெயிலில் கறுத்து, தலைமுடி கலைந்து, கசங்கிய சட்டையோடு, மடியில் ஒரு பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாப்பா உட்கார்ந்திருந்தாள்.

"முந்தின ரயில் கிடைச்சுடுச்சு. வெளியே வந்து பார்த்தா உங்க பஸ் நிக்குது."

"இது ஏர்போர்ட் போற பஸ் பாப்பா" என்றார். இத்தனை நாள் ஒத்திகை பார்த்த மனுஷருக்கு வந்த முதல் பேச்சு இதுதான்.

"தெரியும்பா. போயிட்டுத் திரும்பி வருமில்ல? எனக்குன்னு ஒரு சீட் சேத்து வெச்சீங்களே, இதுதானே? இதுல உட்கார்ந்தே வரேன்." அவள் குரலில் இப்போது நடுக்கம் இல்லை.

அவரால் நிறுத்த முடியாது. பஸ் நிறைய ஆள், அத்தனை பேருக்கும் விமானம். எழுந்து ஒரு அடி எடுத்து வைத்தால் தொட்டுவிடுகிற தூரத்தில் பிள்ளை இருக்கிறாள், அவர் கை இரண்டும் ஸ்டீயரிங்கில் இருக்கின்றன. பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து அவர் தோளில் படிந்தது, அன்று மனைவியின் நகம் பதிந்த அதே தோள். கண்ணில் தண்ணீர் முட்டி, சாலை கலங்கித் தெரிந்தது. கண்ணை இறுக்கிச் சிமிட்டிக்கொண்டார்.

அப்போது பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார்கள். டிரைவர் ஹாரனை அழுத்திவிட்டார். அழுத்திய கையை எடுக்கவும் இல்லை. கடிகாரக்காரர் எட்டி எட்டி முன்னால் பார்த்தார். சாலையில் ஈ காக்கை கிடையாது.